எஞ்சின்காரர்கள் செய்த கார்

பி.எம்.டபிள்யூ தன் பெயரைப் போட்டு முதல் காரை விற்றபோது அந்தக் கம்பெனிக்கு வயது பன்னிரண்டு தாண்டியிருந்தது. அதுவரை அது விமான எஞ்சின் செய்தது, ரயில் பிரேக் செய்தது, மோட்டார் சைக்கிள் செய்தது. அந்த முதல் காரும் சொந்தச் சரக்கு அல்ல. இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் காரை உரிமம் வாங்கித் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையை விலைபேசி முடித்து, அங்கே ஓடிக்கொண்டிருந்த காருக்கே தன் முத்திரையை வைத்தது. எஞ்சின் செய்யத் தெரிந்தவர்கள் பிறகு அதைச் சுற்றிக் கார் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இந்தக் கம்பெனியின் கதை. டிக்கியின் மேல் ஒட்டியிருக்கும் எண்களும் எழுத்துகளும், எந்தக் கார் யாருக்கு என்பதும், இப்போது மின்சாரக் கார்க் காலத்தில் அவர்களுக்கு வந்திருக்கும் தலைவலியும் இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜெர்மனியின் தெற்கு மாநிலமான பவேரியாவின் தலைநகர் மியூனிக்கில் இரண்டு தொழிற்சாலைகள் இருந்தன. ஒன்று கார்ல் ராப் என்பவரின் எஞ்சின் பட்டறை. இன்னொன்று 1916 மார்ச் 7 அன்று பதிவான பவேரிய விமானத் தொழிற்சாலை. ராப்பின் எஞ்சின்கள் அளவுக்கு மீறி அதிர்ந்ததால் ராணுவம் அவற்றை விரும்பவில்லை. 1917-இல் அங்கே வந்து சேர்ந்த மாக்ஸ் ஃப்ரிஸ் என்ற பொறியாளர், ஆறு சிலிண்டர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, உயரத்தில் காற்று மெலிந்தாலும் வலு குறையாதபடி கார்புரேட்டரை அமைத்து, ஒரு புதிய எஞ்சினை வரைந்தார். அதற்கு 3ஏ என்று பெயர். ராப் அதே ஆண்டு விலகினார், கம்பெனி பி.எம்.டபிள்யூ ஆனது. பவேரிய மோட்டார் தொழிற்சாலை என்பதன் சுருக்கம் அது. 1922-இல் அந்தப் பெயரும் எஞ்சின் தொழிலும் பக்கத்து விமானத் தொழிற்சாலைக்குக் கைமாறின. அதனால்தான் பெயர் பிறந்தது 1917-இல் என்றாலும், கம்பெனி தன் பிறந்தநாளை 1916 என்று கணக்கு வைக்கிறது.

நீலமும் வெள்ளையுமான அந்த வட்டச் சின்னம் சுழலும் விமான விசிறி என்று பரவலாகச் சொல்வார்கள். உண்மையில் அது பவேரிய மாநிலத்தின் நிறங்கள். அரசுச் சின்னங்களை வணிக முத்திரையில் அப்படியே வைக்கக்கூடாது என்ற சட்டம் இருந்ததால் நிறங்களின் வரிசையை மாற்றிப் போட்டார்கள். கறுப்பு வளையம் ராப்பின் பழைய முத்திரையிலிருந்து வந்தது. 1929-இல் வந்த ஒரு விளம்பரப் படம் சுழலும் விமான விசிறிக்குள் இந்தச் சின்னத்தை வரைந்துவைத்தது. கதை அங்கிருந்து கிளம்பியது. கம்பெனியும் அதை மறுக்கப் பல காலம் அவசரப்படவில்லை. நல்ல கதையை யார்தான் கெடுப்பார்கள்!

போரில் ஜெர்மனி தோற்றது. 1919 வெர்சாய் ஒப்பந்தம் விமான எஞ்சின் செய்வதையே தடுத்தது. அந்தத் தடை முழுமையாக இறுகுவதற்குள், அதே ஆண்டு ஜூனில், ஃப்ரான்ஸ் ஸெனோ டீமர் என்ற விமானி பி.எம்.டபிள்யூ எஞ்சின் பொருத்திய விமானத்தில் 9,760 மீட்டர் உயரத்துக்குப் போய் உலக சாதனை வைத்தார். சாதனை சோறு போடவில்லை. ரயில் பிரேக் செய்து பிழைத்தார்கள். 1923-இல் மாக்ஸ் ஃப்ரிஸ் மறுபடி கை கொடுத்தார். இந்தமுறை மோட்டார் சைக்கிளில். ஆர் 32 என்ற அந்த வண்டியில் இரண்டு சிலிண்டர்கள் எஞ்சினின் இருபக்கமும் காது போல நீட்டிக்கொண்டு நின்றன. அதனால் இரண்டிலும் காற்று பட்டு ஒரே மாதிரி குளிர்ந்தது. பின்சக்கரத்துக்குச் சங்கிலி கிடையாது, இரும்புத் தண்டு. 494 சி.சி., 8.5 குதிரைத்திறன். நூறு ஆண்டு கழித்து இன்று விற்கும் ஆர் 1300 ஜி.எஸ். பைக்கும் அதே அமைப்புதான்: பக்கத்துக்கு ஒரு சிலிண்டர், சங்கிலிக்குப் பதில் தண்டு.

கார் 1928-இல் வந்தது. ஜெர்மனியின் நடுப்பகுதியில் உள்ள ஐஸனாக் ஊரில் டிக்ஸி என்ற பெயரில் ஆஸ்டின் செவனைச் செய்துகொண்டிருந்த ஆலையைத்தான் வாங்கினார்கள். முழுக்கச் சொந்தக் கையெழுத்து 1933-இல் வந்த 303-இல் தெரிந்தது. அதில் ஆறு சிலிண்டர் எஞ்சின். முன்முகத்தில் சிறுநீரக வடிவில் இரட்டைக் கம்பிவலை. இரண்டுமே இந்த வண்டிகளின் அடையாளமாக நின்றுவிட்டன. 1936-இல் வந்த 328 என்ற இருவர் காரில் இரண்டு லிட்டர் எஞ்சின், 80 குதிரைத்திறன்தான். ஆனால் எடை மிகக் குறைவு. 1940-இல் இத்தாலியின் மில்லே மிக்லியா பந்தயத்தில் தன்னைவிடப் பெரிய எஞ்சின் கொண்ட கார்களை முந்தி முதலில் வந்தது.

அந்த ஆண்டைத் தாண்டி எழுதும்போது பந்தயத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஹிட்லர் ஆட்சியில் விமான எஞ்சினே கம்பெனியின் முதன்மைத் தொழில் ஆனது. ஃபோக்கே-வுல்ஃப் 190 போர்விமானத்தை இயக்கியது 801 என்ற பி.எம்.டபிள்யூ எஞ்சின். மியூனிக்கை அடுத்த ஆலாக்கில் இருந்த ஆலையில் டாக்கவ் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்று இருந்தது. கைதிகளும் பிடித்துவரப்பட்ட அயல்நாட்டவர்களும் அங்கே கட்டாய வேலை செய்தார்கள். பின்னாளில் கம்பெனியின் பெரும் பங்குதாரர்களான குவாண்ட் குடும்பமும், அந்தக் காலத்தில் தங்களுடைய வேறு ஆலைகளில் கட்டாய உழைப்பைப் பயன்படுத்தியது. 2007-இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் அதைத் தோண்டியெடுத்த பிறகே குடும்பம் ஒரு வரலாற்றாசிரியரை நியமித்து ஆவணங்களைத் திறந்தது. 2016-இல், நூற்றாண்டு விழாவின்போது, கம்பெனி தன் பங்குக்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது.

போர் முடிந்ததும் மியூனிக் ஆலையின் இயந்திரங்களை நேச நாடுகள் கழற்றிக்கொண்டு போயின. ஐஸனாக் சோவியத் பகுதியில் சிக்கியது. மிச்சமிருந்தவர்கள் சமையல் பாத்திரம் செய்தார்கள், மிதிவண்டி செய்தார்கள். 1948-இல்தான் ஒரு மோட்டார் சைக்கிள் வெளியே வந்தது. பிறகு செய்த தவறு விசித்திரமானது. வறுமைப்பட்ட நாட்டில் 501 என்ற உருண்டு திரண்ட ஆடம்பரக் காரைக் கொண்டுவந்தார்கள், ஒவ்வொன்றிலும் நட்டம். அடுத்து 507 என்ற மிக அழகான இருவர் காரைச் செய்தார்கள். அதன் விற்பனை 250 கார்களைச் சற்றே தாண்டி நின்றுபோனது. ராணுவப் பணிக்காக ஜெர்மனியில் இருந்த எல்விஸ் பிரெஸ்லி ஒன்று வைத்திருந்தார். ரசிகைகள் அந்த வெள்ளைக் காரில் உதட்டுச் சாயத்தால் எழுதிவிட்டுப் போவார்களாம். தொல்லை தாங்காமல் சிவப்பு அடித்துவிட்டார்.

வயிறு நிரப்பியது இஸெட்டா. இத்தாலியிலிருந்து உரிமம் வாங்கிய முட்டை வடிவக் கார்; முன்முகமே கதவு, திறந்தால் ஸ்டீயரிங்கும் கூடவே நகரும். உள்ளே மோட்டார் சைக்கிள் எஞ்சின். 1955 முதல் 1962 வரை 1,60,000-க்கு மேல் விற்றது. ஆனால் அதில் லாபம் சொற்பம். மேலே யாரும் வாங்க முடியாத கார், கீழே மழைக்கு ஒதுங்க ஒரு கார், நடுவில் எதுவும் இல்லை. கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்தது.

1959 டிசம்பர் 9. மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். பி.எம்.டபிள்யூவை டைம்லர்-பென்ஸ் கையில் ஒப்படைக்கும் திட்டத்தை நிர்வாகம் முன்வைத்தது. அதாவது மெர்சிடிஸ் செய்பவர்களிடம். இதற்குப் பின்னால் நின்ற வங்கியும் அதையே விரும்பியது. மறுப்புச் சொன்னவர்கள் சிறு பங்குதாரர்களும் கார் விற்பனையாளர்களும். அவர்கள் சார்பில் பேசிய ஃப்ரீட்ரிக் மாத்தெர்ன் என்ற வழக்கறிஞர் கணக்கில் ஓர் ஓட்டையைக் காட்டினார்: 700 என்ற புதிய சிறு காரை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே ஆண்டின் கணக்கில் ஏற்றி நட்டத்தைப் பெரிதாகக் காட்டியிருந்தார்கள். கணக்கில் குறை இருந்தால் பத்தில் ஒரு பங்கு வாக்கு போதும், கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைத்தார்கள், டைம்லரின் கெடு காலாவதியானது. இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹெர்பர்ட் குவாண்ட். பார்வை பெரும்பாலும் இழந்தவர், பெரும் செல்வந்தர், இரண்டு கம்பெனிகளிலும் பங்கு வைத்திருந்தவர். எல்லாரும் விற்றுவிடச் சொன்ன நேரத்தில் அவர் பி.எம்.டபிள்யூ பங்கைக் கூட்டிக்கொண்டார். அவருடைய பிள்ளைகள் ஸூசன்ன கிளாட்டனும் ஸ்டெஃபான் குவாண்டும் இன்றும் கம்பெனியில் ஏறத்தாழ பாதி வைத்திருக்கிறார்கள். பங்குச் சந்தை எந்தப் பக்கம் வீசினாலும் இந்தக் கம்பெனி தன் போக்கில் போக முடிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

கையில் பணம் வந்ததும் நடுவில் இருந்த வெற்றிடத்தை நிரப்பினார்கள். 1961-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 1500 என்ற நான்கு கதவுக் கார் வந்தது. இந்த வரிசைக்கே நோயே க்ளாஸ, அதாவது புதிய வகுப்பு, என்று பெயர். இதை வாங்கியவர் ஒரு டாக்டரோ பொறியாளரோ ஆக இருந்திருப்பார். குடும்பமும் ஏறும், தானே ஓட்டி மகிழவும் செய்யலாம். இன்று உலகம் முழுக்க இவர்கள் விற்கும் காரின் இலக்கணம் இதில்தான் எழுதப்பட்டது. 1968-இல் இதன் இரண்டு கதவுத் தம்பியான 2002 வந்து அமெரிக்காவில் பேர் வாங்கியது.

அந்த 1500-இன் எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். அலெக்ஸ் ஃபான் ஃபால்கென்ஹவுஸன் வரைந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் அது, எம்10 என்பார்கள். முதலில் தந்தது 80 குதிரைத்திறன். பின்னால் பெரிதாக்க இடம் வைத்தே இரும்பு உடலை வார்த்திருந்தார். இருபது ஆண்டு கழித்து பால் ரோஷ என்ற பொறியாளர் அதே அடிப்படை உடலை 1.5 லிட்டர் அளவில் எடுத்து, டர்போ பொருத்தி, ஃபார்முலா 1 காருக்குப் போட்டார். 1983-இல் நெல்சன் பிக்கே அதை வைத்து உலகச் சாம்பியன் ஆனார். டர்போ எஞ்சினோடு ஒருவர் ஃபார்முலா 1 பட்டம் வென்றது அதுவே முதல் தடவை. தகுதிச் சுற்றுகளில் அந்த எஞ்சினின் திறன் 1,200 குதிரைத்திறனைத் தாண்டியது. ஆபீஸுக்குப் போய்வரச் செய்த எஞ்சினின் வம்சத்தில் இப்படி ஒன்று! முதல் எம்3 காரின் எஞ்சினும் இதே உடலின் வழிவந்ததுதான்.

1970-இல் தலைமைக்கு வந்த எபர்ஹார்ட் ஃபான் குயென்ஹைம் 23 ஆண்டுகள் இருந்தார். இன்றைய எண் வரிசை அவர் காலத்தது. 1972-இல் 5 சீரிஸ், 1975-இல் 3, 1976-இல் 6, 1977-இல் 7. தலைமை அலுவலகமும் மியூனிக்கில் அப்போதுதான் எழுந்தது; நான்கு உருளைகளைச் சேர்த்து நிறுத்திய மாதிரி ஒரு கோபுரம். ஊரார் அதை நான்கு சிலிண்டர் என்றே அழைக்கிறார்கள்.

இந்தக் கார்களில் வல்லவர்கள் எதைக் கண்டு மயங்குகிறார்கள் என்பதை இங்கே சொல்லிவிடலாம். வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டரில், மூன்று ஜோடிப் பிஸ்டன்கள் ஒன்றின் குலுக்கலை இன்னொன்று அடிக்கும் கணக்கில் மேலும் கீழும் போகின்றன. தனியாக அதிர்வைக் குறைக்கும் தண்டு எதுவும் தேவையில்லை; எஞ்சின் தானே அமைதியாக ஓடும். குறை, அது நீளமானது. அதனால் மற்றவர்கள் குட்டையான வி6-க்கு மாறினார்கள். மெர்சிடிஸ் 1990-களின் கடைசியில் மாறி, 2017-இல் மறுபடி நேர்வரிசைக்கே திரும்பியது. பி.எம்.டபிள்யூ மாறவே இல்லை. இன்னொன்று எடைப் பங்கீடு. எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் முடிந்தவரை தள்ளிவைப்பார்கள், பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோவார்கள். முன்னும் பின்னும் சரிபாதி எடை இருக்கவேண்டும் என்ற பிடிவாதம். பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் திருப்பும் வேலையை மட்டும் பார்க்கும். வளைவில் ஸ்டீயரிங்கைப் பிடித்த கைக்கு இது தெரியும் என்பார்கள். பின்சீட்டில் உட்காருபவருக்கு இதில் பெரிய லாபம் இல்லை. அவர் மெர்சிடிஸ் வாங்கலாம்.

1990-களில் அதிகாரிகளுக்குப் பெரிதாக வேண்டும் என்ற ஆசை வந்தது. 1994-இல் பிரிட்டனின் ரோவரை வாங்கினார்கள். நட்டம் நிற்கவில்லை. 2000-இல் லேண்ட் ரோவரை ஃபோர்டுக்கு விற்று, மிச்ச ரோவரைப் பெயரளவுக்குப் பத்து பவுண்டுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். கையில் வைத்துக்கொண்டவற்றில் முக்கியமானது மினி என்ற பெயர். 2001-இல் வந்த புதிய மினி நன்றாக விற்றது. ரோல்ஸ்-ராய்ஸ் கதை இதைவிடச் சுவையானது. 1998-இல் அந்தக் கார் ஆலையையும் காரின் முன்னால் நிற்கும் பெண் சிலையையும் வோல்க்ஸ்வாகன் ஏலத்தில் வென்றது. ஆனால் ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயர் விமான எஞ்சின் செய்யும் தனிக் கம்பெனியிடம் இருந்தது; அந்தக் கம்பெனிக்கும் பி.எம்.டபிள்யூவுக்கும் விமான எஞ்சினில் ஏற்கெனவே கூட்டு. அது பெயரை நான்கு கோடி பவுண்டுக்கு பி.எம்.டபிள்யூவுக்குக் கொடுத்துவிட்டது. உடலுக்கு ஒருவர், பெயருக்கு ஒருவர். பேசித் தீர்த்தார்கள்: பென்ட்லி வோல்க்ஸ்வாகனுக்கு, ரோல்ஸ்-ராய்ஸ் 2003 முதல் பி.எம்.டபிள்யூவுக்கு. இங்கிலாந்தின் குட்வுட்டில் புதிதாக ஆலை கட்டி ஃபேண்டம் காரைச் செய்யத் தொடங்கினார்கள்.

இனி டிக்கியில் உள்ள எழுத்துகள். பழைய முறை எளிது. ‘328 ஐ’ என்றால் 3 சீரிஸ், 2.8 லிட்டர் எஞ்சின், ‘ஐ’ என்பது பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. ‘டி’ என்றால் டீசல். 1998-இல் வந்த 328 உண்மையிலேயே 2.8 லிட்டர் ஆறு சிலிண்டர். 2012-இல் அதே பெயரில் வந்ததில் இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ. இப்போதைய 320, 330 இரண்டிலும் அதே இரண்டு லிட்டர்தான்; 330-இல் டர்போ கூடுதலாக ஊதும், அவ்வளவே. ஆக, கடைசி இரண்டு இலக்கம் இப்போது வலுவின் படிநிலையைத்தான் சொல்கிறது. பழைய பஸ் ரூட் எண் மாதிரி. காரணம் போனபின்னும் எண் நிற்கிறது. மின்சாரக் கார்களுக்கு ‘ஐ’ முன்னால் வந்துவிட்டதால், 2024 முதல் வரும் புதிய பெட்ரோல் மாடல்களின் வாலிலிருந்து ‘ஐ’யை எடுத்துவிட்டார்கள்.

முதல் எண்ணில் ஒற்றைப்படை என்றால் நேரான உடல்: 1 சின்ன ஹேட்ச்பேக், 3 எல்லாருக்கும் தெரிந்த நடுத்தர செடான், 5 அலுவலகத் தலைவர்களின் கார், 7 டிரைவர் வைத்து ஓட்டுவது. இரட்டைப்படை என்றால் அதே காரின் ஸ்டைல் வடிவம். உதாரணமாக, 3-க்கு 4. 2 சீரிஸ் மட்டும் குழப்பம்: கூப்பே பின்சக்கர ஓட்டம், கிரான் கூப்பே முன்சக்கர ஓட்டம், பெயர் ஒன்றே. ஆம், முன்சக்கர ஓட்டம்! 2014-இல் ஒரு சிறு குடும்பக் காரில் அதைக் கொண்டுவந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். இன்று 1 சீரிஸும் எக்ஸ்1-உம் அப்படித்தான். வாங்குபவர்களில் பலர் கவனித்ததாகவே தெரியவில்லை. இடம் கூடுதலாகக் கிடைக்கிறது, அது போதும் அவர்களுக்கு.

எக்ஸ் என்றால் உயரமான எஸ்.யூ.வி. 1999-இல் அமெரிக்காவின் ஸ்பார்ட்டன்பர்க் ஆலையிலிருந்து எக்ஸ்5 வந்தபோது, தாழ்ந்து வளைந்து ஓடும் கார் செய்பவர்களுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. இப்போது எக்ஸ் வரிசை இல்லாமல் கம்பெனியே இல்லை. எக்ஸ்1-லிருந்து எக்ஸ்7 வரை உயரமும் விலையும் ஏறும். இதிலும் எக்ஸ்4, எக்ஸ்6 மாதிரி இரட்டைப்படை வந்தால் பின்கூரை சரியும், பின்சீட்டுக்காரரின் தலை இடிக்கும். இஸட் என்பது திறந்த கூரை இருவர் கார். இஸட்4 ஆஸ்திரியாவில் டொயோட்டா சுப்ராவோடு ஒரே ஆலையில் பிறந்தது, இரண்டும் உடன்பிறப்புகள்.

எம் என்ற எழுத்தில்தான் ஷோரூமில் ஏமாறுவார்கள். எம்3, எம்5 போன்றவை பந்தயப் பிரிவு தனியாக எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் மாற்றிச் செய்தவை. எம்340 மாதிரி எம்-முக்குப் பின் மூன்று இலக்கம் வந்தால் அது பாதி வழி: நல்ல வலுவான சாதாரணக் கார். எம் ஸ்போர்ட் என்றால் பம்பர், சக்கரம், ஸ்டீயரிங் உறை, கொஞ்சம் இறுக்கமான ஸ்பிரிங். எம் பிரிவின் மூவண்ணப் பட்டை பக்கவாட்டில் மின்னுகிறது என்பதற்காக அது எம் கார் ஆகிவிடாது.

இந்தியாவில் இந்தக் கார்கள் பிறக்கும் இடம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி. 2007 மார்ச்சில் 3 சீரிஸோடு ஆலை தொடங்கியது. முழுக் காராக இறக்குமதி செய்தால் சுங்க வரி மிக அதிகம். பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே கோத்தால் குறைவு. அந்த வித்தியாசம்தான் ஆலை வந்ததன் கணக்கு. எஞ்சின்களை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் சென்னையிலேயே கோத்துத் தருகிறது. சீட், கதவுப் பலகை போன்றவை உள்ளூர் சப்ளையர்களிடமிருந்து வருகின்றன. ஓட்டுவதற்கென்றே பிறந்த கார் இந்தியாவில் பெரும்பாலும் டிரைவர் ஓட்ட, முதலாளி பின்னால் உட்கார்ந்து போகும் கார் ஆகிவிட்டதை அவர்களே ஒப்புக்கொண்டு, 3 சீரிஸையும் 5 சீரிஸையும் இங்கே நீட்டித்து விற்கிறார்கள். கால் நீட்டப் பின்னால் இடம் கூடும். 2025-இல் மின்சார எக்ஸ்1-ஐயும் இப்படி நீட்டி, இந்தியாவில் கோக்கும் முதல் மின்சார பி.எம்.டபிள்யூவாக இந்த ஆலையிலிருந்தே கொண்டுவந்தார்கள்.

ஓசூர் விஷயம் வேறு ரகம். 2013-இல் டி.வி.எஸ். கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, ஜி 310 என்ற சிறு பைக்கை அங்கே கூட்டாகச் செய்தார்கள். வடிவமைப்பு மியூனிக், தயாரிப்பு ஓசூர். இது பெட்டியில் வந்த பாகங்களைக் கோப்பது அல்ல. இங்கேயே செய்து ஐரோப்பா, அமெரிக்கா உள்படப் பல நாடுகளுக்கு அனுப்பியது. 313 சி.சி. ஒற்றை சிலிண்டரைப் பின்பக்கம் சாய்த்து, காற்று முன்னால் நுழைந்து புகை பின்னால் போகும்படி தலைகீழாகத் திருப்பி வைத்திருப்பார்கள். டி.வி.எஸ். அப்பாச்சி 310 ஓடுவதும் இதே எஞ்சினில்தான். சி.இ. 02 என்ற மின்சார இருசக்கர வண்டியும் ஓசூரில்தான் செய்யப்படுகிறது.

மின்சாரம் இவர்களுக்குப் புதிதல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தின்போது வீரர்களோடு புகை இல்லாமல் கூடவே போக, ஈய பேட்டரி போட்ட இரண்டு கார்களைச் செய்தார்கள். விற்பனைக்கு வந்தது 2013-இல், ஐ3. கார்பன் இழையால் உடல் செய்த அந்தக் குட்டிக் கார் தன் காலத்துக்கு முந்தியது, செலவும் முந்தியது. அதற்குப் பிறகு தனி உடல் வேண்டாம் என்று, பெரும்பாலும் பெட்ரோல் காரின் உடலிலேயே பேட்டரியை வைத்தார்கள். 4 சீரிஸுக்கு ஐ4, 5-க்கு ஐ5, 7-க்கு ஐ7. இது சிக்கனமான வழி, ஆனால் ஒரு கேள்வியைத் தள்ளிப்போட்டது. மின் மோட்டார் யார் செய்தாலும் அதிராது, சத்தம் போடாது, மிதித்தவுடன் பாயும். நேர்வரிசை ஆறு சிலிண்டருக்காகக் கூடுதல் காசு கொடுத்தவர் இதில் எதற்குக் கொடுப்பார்?

அவர்கள் தரும் பதில், மோட்டாரையும் நாங்களே செய்கிறோம் என்பது. பெரும்பாலான மின்சாரக் கார்களின் மோட்டாரில் அரிய மண் உலோகக் காந்தம் இருக்கும். அந்த உலோகங்களுக்கு உலகம் சீனாவை நம்பியிருக்கிறது. பி.எம்.டபிள்யூ 2020-இல் வந்த ஐஎக்ஸ்3 முதல், சுழலும் பகுதியில் காந்தத்துக்குப் பதில் செப்புக் கம்பிச் சுருளை வைத்து, அதற்கு மின்சாரம் கொடுத்துக் காந்தமாக்குகிறது. நெடுஞ்சாலையில் சும்மா உருளும்போது அந்த மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நிலையான காந்தத்தில் அது முடியாது. 2025 செப்டம்பரில் மியூனிக்கில் காட்டிய புதிய ஐஎக்ஸ்3 ஹங்கேரியின் டெப்ரெட்ஸன் ஆலையில் செய்யப்படுகிறது: 800 வோல்ட், உருளை செல்கள், மின்சாரத்துக்கென்றே தனி உடல். வரிசைக்கு வைத்த பெயர் மறுபடி நோயே க்ளாஸ. கம்பெனியைக் காப்பாற்றிய காரின் பெயரை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றால், எவ்வளவு பயம் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பெட்ரோலையும் விடவில்லை. ஒரே ஆலையில், ஒரே வரிசையில் இரண்டையும் செய்யும் வசதியைப் பல ஆண்டு கட்டிக்காத்ததால், மின்சாரத்துக்கு முழுதாகத் தாவிவிட்டுப் பின்வாங்கிய போட்டியாளர்களைவிட இவர்கள் நிதானமாக இருக்கிறார்கள். மியூனிக் இதற்கு ஒரு விதிவிலக்கு. அங்கே 2023 நவம்பரில் பிஸ்டன் எஞ்சின் செய்யும் பகுதியை மூடினார்கள். 2027 முடிவுக்குள் அந்த ஆலையிலிருந்து மின்சாரக் கார் மட்டுமே வரும் என்பது திட்டம். மியூனிக்கில் செய்துவந்த எஞ்சின்கள் இனி ஆஸ்திரியாவின் ஸ்டையரிலிருந்தும் இங்கிலாந்தின் ஹாம்ஸ் ஹாலிலிருந்தும் வரும்.